பங்கும் பங்கீடும்

பங்கு என்னும் சொல்லுக்குக் குமரி மாவட்டத்துக் கடற்கரையில் இரு பொருள் உண்டு. ஒரு குருவானவரின் பொறுப்பில் அமைந்த கத்தோலிக்கச் சமுதாயத்தைப் பங்கு என்பர். அக்குருவானவரைப் பங்குத்தந்தை என்பர். வலையில் விழுந்த மீனை விற்றுச் செலவு நீக்கி, கலத்துக்கும் வலைக்கும் உழைத்த கைகளுக்கும் பிரித்துக்கொள்ளும் கூற்றையும் பங்கு என்றே சொல்வர். முதற்பொருளில் அமைந்த பங்கு, இரண்டாம் பொருளில் வரும் பங்கைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டுமா? ஞாயிறன்று பலிபீடத்தின் முன் நிற்பவர், திங்களன்று மீன் ஏலம் போகும் மணலிலும் நிற்கத்தான் வேண்டுமா? இவ்வினாவுக்கு முட்டமும் அதனைச் சூழ்ந்த கடற்கரை ஊர்களும் கண்ட விடையை மாணவர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முட்டம், நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே, பாறைகள் கடலுக்குள் நீண்டு கிடக்கும் இடத்தில் உள்ளது. கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள சின்னமுட்டம் வேறு, இது வேறு. இதன் கலங்கரை விளக்கத்தையும் செம்மண் மேட்டையும் உங்களுட் பலர் திரைப்படத்தில் கண்டிருப்பீர்கள். 1981-இல் வெளிவந்த 'அலைகள் ஓய்வதில்லை' இங்கேதான் படமாக்கப்பட்டது. திரையில் அலை அழகு. மரத்தை ஏறித் தள்ளுகிறவனுக்கு அலை முதற் பகைவன். இக்கடற்கரையில் அலை ஓங்கி அடிக்கும் ஆனி ஆடி மாதங்களில் எத்தனையோ நாள்கள் கலம் இறங்காது. கலம் இறங்காத நாளில் அடுப்பும் எரியாது என்பதே பழைய நிலை.

1544-ஆம் ஆண்டின் இறுதியில் புனித சவேரியார் இக்கரை வழியே சென்று, ஒரு மாத காலத்துக்குள் 10,000-க்கும் மேற்பட்ட முக்குவ மக்களுக்குத் திருமுழுக்கு அளித்ததாகத் தம் கடிதத்தில் எழுதியுள்ளார். அந்நாள் தொட்டு ஊரும் கோவிலும் ஒன்றாயின. ஊரில் வழக்கு எழுந்தால் தீர்ப்பவர் பங்குத்தந்தை. அரசு அலுவலரிடம் ஊருக்காகப் பேசுபவரும் அவரே. பள்ளியை நடத்துவது கோவில். புயல் வந்தால் மக்கள் ஒதுங்கும் இடமும் கோவில். இவ்வாறு தலைமை ஏற்ற கோவில், கடலின் விளைவிலும் ஒரு கூறு பெற்றது. இக்கடற்கரையின் பல ஊர்களில் மீன்பாட்டில் ஒரு பகுதியைக் கோவிலுக்கென வசூலிக்கும் உரிமை ஏலம் விடப்பட்டது. அதற்குக் குத்தகை என்று பெயர். ஏலம் எடுத்தவர் கோவிலுக்கு ஒரு தொகை கட்டிவிட்டு, கரைக்கு வரும் மீனிலிருந்து தம் கூற்றை எடுத்துக்கொள்வார். ஓங்கிய கோபுரங்களும் ஊர்த் திருவிழாக்களும் பெரும்பாலும் இப்பணத்தால் நடந்தவை. மக்கள் தம் கோவில் என்ற பெருமிதத்தோடு கொடுத்தார்கள் என்பதும் உண்மை. ஆயினும் மீனவனுடைய மீனிலிருந்து எடுப்போர் பட்டியலில் கோவிலும் ஒன்றாக நின்றது என்பதை நாம் மறைக்கலாகாது. பின்னர் நடந்த மாற்றத்தின் அருமை, இதனை நினைவிற் கொண்டால்தான் விளங்கும்.

இனி, ஒரு மீன் கடலிலிருந்து காசாக மாறும் வழியைத் தொடர்ந்து செல்வோம். விடியுமுன் கடலுக்குச் சென்றவர் காலையில் கரை சேர்கிறார். மீன் விரைவில் கெடும் பொருள். நெல்லைப்போல் பத்தாயத்தில் இட்டு, விலை ஏறும்வரை காத்திருக்க இயலாது. அலை நனைத்த உடம்போடு நிற்கும் அவர், அப்போதே விற்றாக வேண்டும். விற்றுக் கொடுப்பவர் தரகர். அத்தரகரிடமோ இவர் முன்னரே கடன் பட்டிருக்கிறார். வலை வாங்கவும், மகளைக் கட்டிக்கொடுக்கவும், ஆடி மாதத்து அரிசிக்கும் பெற்ற கடன் அது. அக்கடனுக்கு வட்டி என்று ஒன்றும் இல்லை. 'உன் மீனை என் வழியாகவே விற்க வேண்டும்' என்ற ஒரு நிபந்தனை மட்டுமே உண்டு.

வட்டியில்லாக் கடன் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். கணக்கு விளங்குவதற்காக நானே ஓர் எடுத்துக்காட்டு அமைத்துக் காட்டுகிறேன். ஒருவர் பெற்ற கடன் 1,000 ரூபாய் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 100 ரூபாய்க்கு மீன் விற்கிறது. அதில் 10 ரூபாய் தரகாகக் கழிகிறது. இவ்வாறு 100 நாள் கடலுக்குப் போனால் தரகாகச் சென்ற தொகை 1,000 ரூபாய். முதலோ அப்படியே 1,000 ரூபாயாக நிற்கிறது! பெற்றதெல்லாம் திரும்பக் கொடுத்தாயிற்று. கடனில் ஒரு காசும் குறையவில்லை. இத்துடன், விலையைச் சொல்பவரும் எடுப்பவரும் தமக்குள் பேசி வைத்திருந்தால் 120 ரூபாய் பெறும் மீன் 100 ரூபாய்க்கே போய்விடும். அந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது.

தரகரைக் கொடியவர் என்று கூறிவிட்டு நகர்வது எளிது; அது முழு உண்மையாகாது. வங்கி எட்டிப் பார்க்காத ஊரில், ஈடு ஒன்றும் இல்லாத மனிதனுக்கு, நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் பணம் கொடுத்தவர் அவரே. ஆகவே தரகரை அகற்ற நினைப்பவர், தரகர் செய்துவந்த பணியை யார் செய்வது என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு தொடங்கிய பல முயற்சிகள் தோற்றதற்குக் காரணம், இவ்விடை இல்லாமையே ஆகும்.

இந்த நிலையில் பங்குகள் முதலிற் செய்தது தருமம். விடுதலைக்குப் பின்வந்த ஆண்டுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த கோதுமையும் பால்மாவும் கோவில் வளாகங்களிற் பகிர்ந்தளிக்கப்பட்டன. பசித்த குழந்தைக்குப் பால் கொடுப்பதை யார் குறை கூறுவர்? ஆனால் பால்மாவு தீர்ந்த மறுநாள் குழந்தை மீண்டும் பசித்தே இருந்தது. கரையில் இழக்கும் பத்து ரூபாயைப் பற்றி ஒன்றும் கேளாமல், கோவில் முற்றத்தில் இரண்டு ரூபாய்ப் பண்டம் கொடுப்பது எத்துணைக் காலம் தகும்? இக்கேள்வி சிந்திப்போர் உள்ளத்தில் எழுந்தது.

இதே கேள்வி உலகின் மற்றொரு கோடியில் ஒரு தலைமுறை முன்னரே எழுந்திருந்தது. கனடா நாட்டின் கீழைக் கரையில் நோவா ஸ்கோஷியா என்னும் மாநிலம் உள்ளது. 1920-களில் அங்கே கான்சோ என்ற மீனவர் ஊருக்குப் பங்குத்தந்தையாகச் சென்றார் ஜேம்ஸ் டாம்ப்கின்ஸ். அவ்வூர் மீனவரும் வணிகரிடம் கடன்பட்டு, அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுத்து வந்தனர். அவர் மக்களைச் சிறு சிறு குழுக்களாக அமர்த்தித் தம் தொழிற்கணக்கைத் தாமே ஆராயப் பழக்கினார். அவருடைய உறவினரான மோசஸ் கோடி அடிகளார், 1928-இல் அன்டிகோனிஷ் நகரப் பல்கலைக்கழகம் தொடங்கிய விரிவுப்பணித் துறையின் தலைவராகி, இம்முறையை மாநிலமெங்கும் பரப்பினார். படிப்புக் குழுவிலிருந்து கடன் சங்கம், கடன் சங்கத்திலிருந்து விற்பனைக் கூட்டுறவு என்று அது வளர்ந்தது. 1959-இல் அவர் பெயரால் நிறுவப்பட்ட கல்வி நிலையத்தில் ஆசிய ஆப்பிரிக்க நாடுகளின் ஊழியர் பலர் பயின்றனர். அப்பல்கலைக்கழகத்தின் பெயர் என்ன தெரியுமா? புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம்! முட்டத்துக் கரையில் நடந்த அதே சவேரியாரின் பெயர்தான்.

நம் பக்கத்தில் முதல் விளக்கு திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு என்னும் கடற்கரைக் குடியிருப்பில் ஏற்றப்பட்டது. 1960-களில் திருவனந்தபுரம் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவின் முயற்சியால் உருவான அவ்வூரில், மீனவர் தம் மீனைத் தாமே ஏலமிடும் சங்கத்தை அமைத்தனர். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணைந்தது. எல்லை மாறினாலும் கடற்கரை ஒன்றே. 1930-இல் உருவான கோட்டாறு மறைமாவட்டத்திலும் 1960-களில் சமூகச் சேவைச் சங்கம் தோன்றியது. அதனை வழிநடத்தியவர் பெல்ஜிய நாட்டிலிருந்து வந்து இம்மண்ணில் ஊன்றிய ஜேம்ஸ் டோம்பர் அடிகளார். ஊர்தோறும் மீனவர் சங்கங்கள் அமைவதற்கு அப்பணியே அடித்தளம் இட்டது. முட்டம் அவ்வியக்கத்தின் முக்கியமான ஊர்களுள் ஒன்றாயிற்று.

சங்கத்தின் அமைப்பைச் சற்று உற்று நோக்குங்கள். அதில்தான் நீதி இருக்கிறது. கடலுக்குப் போகிறவரே உறுப்பினர் ஆகலாம்; வணிகருக்கும் தரகருக்கும் இடமில்லை. முன்பு அரசு ஏற்படுத்திய கூட்டுறவுகள் சிலவற்றில் உறுப்பினர் பெயர் ஏட்டில் இருக்க, ஆட்சி செல்வர் கையில் இருந்ததைக் கண்டு கற்ற பாடம் இது. சங்கம் ஓர் ஏலக்காரரை நியமிக்கிறது; அவர் உறுப்பினர்க்குப் பதில் சொல்ல வேண்டியவர். உறுப்பினர் தம் மீன் முழுவதையும் சங்கத்தின் வழியாகவே விற்க வேண்டும். விலையில் ஒரு சிறு பகுதி சங்கச் செலவுக்கும், ஒரு பகுதி அவர் பெயரிற் சேமிப்புக்கும், ஒரு பகுதி அவருடைய கடனைத் தீர்ப்பதற்கும் பிடிக்கப்படுகிறது.

முன்சொன்ன கணக்கையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். அதே 100 ரூபாய் விற்பனை. அதே 10 ரூபாய்க் கழிவு. அதில் 2 ரூபாய் செலவுக்கு, 3 ரூபாய் சேமிப்புக்கு, 5 ரூபாய் கடனுக்கு என்று பிரித்தால், 100 நாளில் கடனில் 500 ரூபாய் தீர்ந்திருக்கும். கையில் 300 ரூபாய் சேர்ந்திருக்கும். அவர் கொடுத்தது முன்போலவே 1,000 ரூபாய்தான். ஆனால் முன்பு அப்பணம் பிறரிடம் சென்று மறைந்தது. இப்போது அதில் பெரும்பகுதி அவரிடமே திரும்புகிறது. இதில் தருமம் செய்தவர் யாருமில்லை. மீனும் அதே, உழைப்பும் அதே. பங்கீடு மட்டும் மாறியது. வங்கிகள் 1969-இல் நாட்டுடைமையான பின் மீனவருக்கு வங்கிக் கடன் பெற்றுத் தருவதும் சங்கங்களின் பணியாயிற்று. தரகரின் பணியை யார் செய்வது என்ற பழைய வினாவுக்கு விடை இதுவே.

இக்கடற்கரையில் ஏலம் நடக்கும் வேளையில் நான் நின்று பார்த்திருக்கிறேன். மணலிற் கொட்டிய மீனைச் சுற்றி வட்டமாக மக்கள் நிற்பார்கள். ஏலக்காரர் விலையைச் சொல்லச் சொல்ல, ஒருவர் புருவத்தை உயர்த்துவார். ஒருவர் விரலை அசைப்பார். சில நிமிடத்தில் ஏலம் முடியும். என் கண்ணை ஈர்த்தது ஏலமன்று, அதன்பின் நடந்ததே. கணக்கர் சீட்டில் எழுதிக் கொடுத்ததை ஒரு முதியவர் வாங்கி, தம் பேரனிடம் நீட்டினார். பள்ளிச் சீருடையிலிருந்த அச்சிறுவன் விலை, பிடித்தம், சேமிப்பு, மீதி என்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான். எழுதப்பட்ட கணக்கு ஒரு மனிதனுக்குத் தரும் நிமிர்வை அன்று கண்டேன். கோவில் நடத்திய பள்ளியும் கரையில் எழுந்த சங்கமும் அச்சீட்டில் ஒன்றுகூடின.

ஊர்ச் சங்கங்கள் மாவட்ட அளவில் இணைந்தன. மாவட்ட இணையங்கள் சேர்ந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பைத் தோற்றுவித்தன. கூட்டமைப்பின் வரலாற்றில் முட்டம் பெற்ற தனியிடத்துக்குக் காரணம் ஒரு படகு.

கட்டுமரம் அறிவின் படைப்பு. மென்மரத் தடிகளைக் கயிற்றாற் பிணைத்த அது, ஓங்கிய அலையில் கவிழ்ந்தாலும் மூழ்காது. மணலில் இழுத்து ஏற்றலாம். ஆனால் பெருமரங்கள் அரிதாகி விலை ஏறியது. வெளிப்பொருத்து இயந்திரத்தை அதிற் பொருத்துவதும் எளிதன்று. துறைமுகத்துக்கென அமைந்த பெரும்படகோ இக்கரையின் அலையைக் கடந்து மணலேற முடியாது. ஆகவே கட்டுமரத்தின் குணமும் புதிய பொருளின் வசதியும் ஒருங்கே அமைந்த கலம் வேண்டியிருந்தது. 1980-களின் தொடக்கத்தில் பெல்ஜியப் பொறியியலறிஞர் பியர் ஜில்லே, முட்டத்துப் படகு கட்டும் நிலையத்தில் ஒட்டுப்பலகையால் கலங்களை உருவாக்கினார். பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளைக் கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு மூடுவது அம்முறை. அவ்வகைக் கலமொன்று 'கோட்டார்க்காட்' என்று பெயர் பெற்றது. வரைபடத்திற் சரியாக இருந்தது அலையில் சரியாக இருக்க வேண்டுமே! மீனவர் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல, தச்சர் மாற்றி அமைக்க, இவ்வாறு பலமுறை திருத்தியே கலம் உருவாயிற்று.

பொருளியலறிஞர் ஷூமாக்கர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற நூலுக்குச் 'சிறியதே அழகு' என்பது பெயர். முட்டத்து அனுபவத்தை 1985-இல் நூலாக்கிய ஜில்லே, அதற்குச் 'சிறியது கடினம்' என்று பொருள்படும் தலைப்பை இட்டார். சிறு தொழிலாளிக்கு ஏற்ற சிறு கருவியைச் செய்வது, பெருமுதலாளிக்குப் பெரிய இயந்திரம் வாங்கிக் கொடுப்பதைவிடக் கடினம் என்ற உண்மை அத்தலைப்பில் அடங்கியுள்ளது. இயந்திரம் நன்மையோடு சுமையையும் கொணர்ந்தது. தூரக் கடலுக்குப் போக முடிந்தது. எரிபொருளுக்கும் பழுதுபார்ப்புக்கும் புதிய கடன் பிறந்தது. இன்று கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் நிறைந்துள்ளன. எரிபொருள் விலை அன்றாடப் பேச்சாக உள்ளது.

மீன் விலையில் நீதி கிடைத்தால் போதுமா? கடலிலேயே மீன் இல்லாவிட்டால் என் செய்வது? 1953-இல் இந்தியாவும் நார்வேயும் செய்த உடன்பாட்டின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் மீன்பிடி வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. பின்னர் இறால் ஏற்றுமதி பெருகவே, கடலடியை வாரிச்செல்லும் இழுவை மடிகளும் விசைப்படகுகளும் பெருகின. அவை கரையோரத்திற் சிறுமீனவர் விரித்த வலைகளை அறுத்தன. குஞ்சு மீன்களையும் வாரின. குமரிக் கடலில் மோதல்கள் எழுந்தன. இதில் வேதனை யாதெனில், விசைப்படகு வைத்தவரும் கட்டுமரம் வைத்தவரும் ஒரே மறையினர், ஒரே மறைமாவட்டத்தினர். இருவரும் ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுவோர். 'எல்லாரும் நம் மக்களே, அமைதியாக இருங்கள்' என்று கூறிவிடுவது எளிது. அவ்வமைதியில் வலை அறுந்தவனுக்கு என்ன கிடைக்கும்? யாருக்காகப் பேசுவது என்பதில் குருக்களிடையேயும் கருத்து வேறுபாடு இருந்தது.

1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையுள்ள நீர் சிறுமீனவருக்கு ஒதுக்கப்பட்டது. சட்டம் ஏட்டில் ஏறியதும் கடலில் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. 1989 ஏப்ரலில் 'நீரைக் காப்போம், வாழ்வைக் காப்போம்' என்ற முழக்கத்தோடு தேசிய மீனவர் அமைப்பினர் இந்தியாவின் இரு கரைகளிலிருந்தும் பயணம் புறப்பட்டனர். மே 1-ஆம் நாள் கன்னியாகுமரியில் அவர்கள் கூடியபோது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கூட்டம் கலைந்தது. நீதி கேட்பது பால்மாவு பகிர்வதைப்போல் யாவரும் பாராட்டும் செயலன்று என்பதை அந்நாள் உணர்த்திற்று.

இக்கணக்கில் பெண்களுக்குரிய இடம் இன்னும் நிறைவு பெறவில்லை. ஏலத்தில் எடுத்த மீனைத் தலையிற் சுமந்து உள்நாட்டுச் சந்தைக்கு நடப்பவர்கள் அவர்கள். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வலை பின்னி வந்த அவர்களின் வருவாயை இயந்திரம் பின்னிய நைலான் வலை பறித்தது. கடலுக்குப் போகிறவரே உறுப்பினர் என்ற சங்க விதி, தரகரை வெளியே நிறுத்தியபோது பெண்ணையும் வெளியே நிறுத்திவிட்டது. பின்னாளில் மகளிர் சேமிப்புக் குழுக்களும், அண்டை வீடுகள் சேர்ந்த அன்பியங்களும் பங்குகளில் வேரூன்றின. அவற்றில் பெண்கள் கணக்கெழுதவும் தலைமை தாங்கவும் பழகினர்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை முட்டத்தையும் தாக்கிற்று. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலுக்குச் சென்றோரில் யார் திரும்பவில்லை என்ற கேள்வி எழுந்தது. அரசிடம் முழுக் கணக்கு இல்லை. பங்குகள் வீடு வீடாகக் கேட்டுப் பெயர்ப் பட்டியல் தயாரித்தன. அப்பட்டியல்களைக் கொண்டே மக்கள் தேடலை வற்புறுத்தினர். தலைமுறை தலைமுறையாகத் திருமுழுக்கையும் திருமணத்தையும் இறப்பையும் எழுதிவந்த வழக்கம், அன்று காணாமற் போனவனை மறவாமலிருக்க உதவிற்று.

மாணவ நண்பர்களே, நீங்கள் எந்தச் சமயத்தவராயினும், எந்த ஊருக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டாலும், இவ்வரலாற்றிலிருந்து மூன்று வினாக்களை உடன் கொண்டு செல்லலாம். இம்மக்களின் உழைப்பு காசாக மாறும் வழியில் எந்த இடத்தில் குறைகிறது? குறையும் அப்பகுதி யாரிடம் சேர்கிறது. சேர்பவருள் நாமும் ஒருவரா? நாம் திரும்பிவிட்ட மறுநாள் இப்பணியை யார் நடத்துவார்? தோம்பர், ஜில்லே போன்றோரின் பெயர் நிலைப்பதற்குக் காரணம், அவர்கள் கொடுத்ததைக் காட்டிலும், தாம் இல்லாமலே நடக்கக்கூடிய ஒன்றை மீனவரிடம் விட்டுச்சென்றமையே ஆகும்.

விடுமுறையில் குமரிப் பக்கம் செல்ல நேர்ந்தால், கதிரவன் மறைவதைப் பார்க்க மாலையில் மட்டும் முட்டத்துக்குப் போகாதீர்கள், காலையிலும் போங்கள். கலம் கரையேறும்போது அருகில் நில்லுங்கள். ஒரு கூடை மீனின் விலை யார் யாருக்குச் செல்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பொருளியற் பாடநூலின் ஓர் அத்தியாயம் முழுவதும் அத்தாளில் இருக்கும்.